முள் இல்லாத நட்சத்திரங்கள்

என் அக்கா வீட்டுக்காரரை நேரில் அத்தான் என்போம். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பிரபஞ்சம். முப்பது வருடம் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் தலைக்கு மேலே வானம் என்று ஒன்று இருப்பது அவர் கண்ணில் பட்டது. ஆறே மாதத்தில் எங்கள் ஊர் வான்நோக்கர் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். சங்கத்தில் மொத்தம் பதினேழு பேர். அவர்களில் வானத்தைப் பார்க்கிறவர்கள் மூன்று பேர் இருக்கலாம். மீதிப் பேர் கூட்டத்துக்கு வருகிறவர்கள்.

அத்தான் எந்த மேடை ஏறினாலும், "நாம எல்லாருமே நட்சத்திரத் தூசிதான்" என்று சொல்லித்தான் இறங்குவார். முதல் தடவை கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். பத்தாவது தடவை துடைப்பம்தான் ஞாபகம் வந்தது.

கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் அவர்கள். பின்கட்டு இரண்டு வீட்டுக்கும் பொது. அங்கே ஒரு துவைக்கிற கல், தண்ணீர் மோட்டாருக்கு ஒரு தகரக் கூண்டு, நான்கு துணிக்கொடி. மூலையில், நீலத் தார்ப்பாய்க்குள் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாய் நிற்கும். அதுதான் அத்தானுடைய பதினாறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி. நான் பார்த்து அது இரண்டு தடவை வெளியே வந்திருக்கிறது. இரண்டு தடவையும் அதன் பக்கத்தில் நின்று அவர் படம் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் அவர் வாங்கியது முழங்கை நீளத்தில் ஒரு சின்ன லென்ஸ் குழாய். அதில் நிலாவைத் தவிர எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இதெல்லாம் குழந்தைங்க வெச்சு விளையாடுற சாமான். நீ வேணா வெச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தொழில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது. ஒரு நாளைக்கு அறுபது பேரிடம், "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று சொல்லவேண்டும். அந்த அறையில் பதினெட்டு வருடம் நின்றதில் ஒன்று கற்றிருக்கிறேன். மங்கலாக இருப்பதால் ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. சரியான நேரம் கொடுத்து, அசையாமல் வைத்தால், நிழலுக்குள் இருக்கும் நிழலும் வெளியே வரும். அந்தச் சின்னக் குழாயைக் கையில் வாங்கியதும் எனக்கு இதுதான் தோன்றியது.

குழாய்க்குப் பின்னால் ஒரு பழைய கேமராவைப் பொருத்தினேன். வானம் நகர நகரக் கூடவே திரும்பும் மோட்டார் தாங்கி ஒன்றும் கிடைத்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நான் எடுத்த முதல் படங்களில் நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "முக்காலி ஆடுது. லிஃப்ட்டும் இதே மாதிரிதான், அடி ஆடினா மேல நடுங்கும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, கான்கிரீட் ஊற்றிவிட்டார். வானத்தைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிப் பட்டறை. அங்கே ராத்திரியெல்லாம் எரியும் வெள்ளை விளக்கின் வெளிச்சம் முக்கால்வாசி எங்கள் கொல்லையில்தான் விழும். பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஏழரைலேர்ந்து பத்து மணி வரைக்கும் அந்த விளக்கை அணைச்சு வெக்க முடியுமா? நட்சத்திரத்தைப் படம் எடுக்கறேன்."

"எந்த நட்சத்திரம்?" என்றார் ஆவலோடு. "இங்க வந்திருக்காங்களா?"

விளக்கிச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் நல்ல மனிதர். மறுநாளே விளக்குக்கு மேலே தகரம் வளைத்து ஒரு தொப்பி போட்டுவிட்டார்.

நான் எடுக்க நினைத்தது ரோஜா நெபுலா. சிவந்த திருவாதிரை நட்சத்திரம் இருக்கிறதே, அதற்குச் சற்றுக் கிழக்கே வானத்தில் முழு நிலாவைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு ஒரு வாயு மேகம் கிடக்கிறது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. மேகத்தின் நடுவில் ஒரு நட்சத்திரக் கொத்து. அந்த மேகத்திலிருந்தே பிறந்த நட்சத்திரங்கள் அவை. பிறந்த வேகத்தில் சுற்றியிருந்த வாயுவை ஊதித் தள்ளிவிட்டதால் நடுவில் ஓட்டை விழுந்து, மேகம் விரிந்த பூ மாதிரி ஆகிவிட்டது.

பதினான்கு மாலைகள் எடுத்தேன். வேலை முடிந்து வந்து, அடுப்பு வேலையையும் முடித்துவிட்டுக் கொல்லைக்குப் போவேன். ஐந்து ஐந்து நிமிடமாக ஒவ்வொரு படம். ஒரு படத்தில் விமானம் கோடு கிழித்துக்கொண்டு போகும். இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் பூனை கான்கிரீட்டில் முதுகைத் தேய்த்திருக்கும். லென்ஸில் பனி இறங்கும், தலைமுடி உலர்த்தும் கருவியால் அதை விரட்டவேண்டும். கழித்தது போக ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம் தேறும். கடைசியில் இருபத்தொரு மணி நேரம் சேர்ந்தது. இருநூற்று ஐம்பத்திரண்டு படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தேன்.

வந்தது. கறுப்பிலிருந்து சிவப்பு வளையம் ஒன்று எழுந்து வந்தது. அதன் உள்விளிம்பில் கரித்தூள் சிந்தினாற்போல் கறுப்புத் திட்டுகள். நடுக்குழியில் நீல வெள்ளையில் ஒரு கைப்பிடி நட்சத்திரங்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு அக்காவின் கைபேசிக்கு அதை அனுப்பினேன். யாராவது பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. அத்தானைக் கேலி செய்கிற எனக்கும் அந்தச் சபலம் உண்டு.

அக்கா அப்போதே கீழே இறங்கி வந்தாள்.

"அழகா இருக்குடி. நடுவுல ஏன் ஓட்டை?"

சொன்னேன்.

"பெத்தவங்களையே ஊதித் தள்ளிடுச்சா? நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்து நூலகக் கூடத்தில் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. வரவே மாட்டேன் என்ற என்னை அக்காதான் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். அவள் ஏன் அத்தனை வற்புறுத்தினாள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே, சுவர் முழுக்க, என்னுடைய படம். ஆறடி அகலம். தலைகீழாக மாட்டியிருந்தார்கள். கீழே அட்டையில் எழுதியிருந்தது: "ரோஜா நெபுலா. படம்: சங்கத் தலைவர். கருவி: பதினாறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி. எட்டு மணி நேர ஒரே பதிவு."

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அத்தான் மேடையில் நின்று அந்த இரவை விவரித்துக்கொண்டிருந்தார். கொட்டும் பனியாம், நடுங்கும் விரல்களாம், அவரும் அண்டமும் மட்டும் தனியே நின்றார்களாம். ஒன்பது மணிக்குக் காதை மறைத்து மஃப்ளர் கட்டிக்கொண்டு படுக்கிற மனிதர்! குறட்டை எங்கள் கூரை வழியாக இறங்கும். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கை தூக்கினேன்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க அத்தான்?"

ஒரு கணம்தான் தடுமாறினார். "ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும்மா."

"அது ரெண்டு மணிக்கு முன்னாடியே மேற்கே இறங்கி மறைஞ்சிடுமே?"

அத்தான் கருணையோடு சிரித்தார்.

"அது உன் சின்னக் குழாய்க்கும்மா. இது பதினாறு அங்குலம்."

எல்லோரும் சிரித்தார்கள், சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். படித்தவர்கள், வழுக்கைத் தலையர்கள், பையில் பேனா குத்தியவர்கள். கருவி பெரிதாக இருந்தால் அடிவானத்துக்குக் கீழேயும் தெரியும் என்பதை அந்த இடத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சங்கத்தில் வானத்தைப் பார்க்கும் மூன்று பேரில் ஒருவர். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படத்தோடு மூக்கு உரச நின்றிருந்தார். நிமிர்ந்து, "தலைவரே, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாங்க எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். இது எடுக்கறதை நேர்ல பாக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தானும் கூடவே தட்டினார். வேறு வழியில்லை.

மறுநாள் மாடிப்படியில் அவரை மறித்தேன்.

"அது என் படம் அத்தான்."

"நம்ம படம்னு சொல்லு. உன் பேரு என் பேருன்னு குடும்பத்துக்குள்ள பிரிச்சுப் பாக்கறது சின்ன புத்தி. அந்தக் குழாயை உனக்கு யாரு குடுத்தது?"

"அப்படிப் பாத்தா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எல்லாத்தையும் மெஷின் வித்தவன் எடுத்ததுன்னு சொல்லணும்."

"நீ எப்பவுமே கொஞ்சம் எடக்காத்தான் பேசுவ" என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெருந்தன்மை எல்லாம் வடிந்து, கீழே இறங்கி வந்தார். கையில் மடிக்கணினி. அவர் போட்டிருந்த திட்டத்தைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை நான் என் குழாயோடு மோட்டார் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து உட்காரவேண்டும். நான் எடுக்கும் படம் கம்பியில்லாமல் அவருடைய மடிக்கணினிக்கு வந்துவிடவேண்டும். அவர் பீப்பாயின் பக்கத்தில் நின்று அதை எல்லோருக்கும் காட்டுவார்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், புரையேறி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அதெல்லாம் வேணாம் அத்தான்" என்றேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. இப்பவே வந்து உக்காருங்க, சொல்லித் தரேன். நீங்களே எடுத்ததுன்னு ஒண்ணு ஆயிடட்டும்."

உண்மையாகத்தான் சொன்னேன். வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குழாயைத் திருப்பி, குவியம் சரிபார்த்து, முதல் படத்தைத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் அவர் மூன்று தடவை கைபேசியைப் பார்த்தார், நான்கு கொசு அடித்தார். படம் திரையில் வந்தது. சாம்பல் நிறம், நட்சத்திரப் புள்ளிகள், கண்ணை இடுக்கினால் நடுவில் லேசாக ஒரு கறை.

"எங்க?"

"அதான்."

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"இந்த மாதிரி இருநூறு எடுத்துச் சேர்த்தா வரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான அருவருப்பு இருந்தது. "கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு இவ்வளவு பாடா?" என்றார். இருபதாவது நிமிடம், தட்டு வைத்தாயிற்று என்று அக்கா கூப்பிடாமலேயே, அவள் கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை ஏழு மணிக்குச் சங்கம் முழுக்க வந்து இறங்கியது. அத்தான் புதுக் கம்பளிச் சட்டையில் இருந்தார். தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று தொலைநோக்கி கண்டுபிடித்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேகம் வரும் என்று அவர் அடிக்கடி மேலே பார்த்தது எனக்குத் தெரியும். இருபது நிமிடம் பேசியும் ஒரு துணுக்கு மேகம் வரவில்லை. கடைசியில் கண்ணாடிக்கடைக்காரரே போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

பீப்பாயின் வாயில் ஒரு மூட்டை தெரிந்தது. இழுத்தார். ஒரு கம்பளிப் போர்வை. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஏழு தலையணை உறைகள், ஒரு பழைய கொசுவலை. அலமாரியில் இடம் போதாத அக்கா, மழையும் பூச்சியும் போகாத நல்ல இடமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"நேத்துதான்... கண்ணாடியைக் கழுவறதுக்காக..." என்றார் அத்தான்.

கண்ணாடிக்கடைக்காரர் கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "தலைவரே, இதோ வாயில நாலு கம்பியில ஒரு சின்னக் கண்ணாடி தொங்குது பாருங்க. இந்த மாதிரித் தொலைநோக்கில எடுத்தா, பளிச்சுன்னு இருக்கற ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நாலு பக்கமும் முள்ளு மொளைக்கும். அந்தக் கம்பியாலதான். உங்க படத்துல ஒரு நட்சத்திரத்துக்குக்கூட முள்ளு இல்ல. அது லென்ஸ் குழாய்ல எடுத்தது. அதுவும் போகட்டும். இதைத் திருப்ப மோட்டாரே இல்லையே, எட்டு மணி நேரம் கையாலயா தள்ளினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அது என் தங்கச்சி எடுத்தது. அவளைக் கேக்காம நான்தான் அவருக்குக் குடுத்தேன்."

இத்தோடு மனிதர் சாய்ந்தார் என்றுதான் நினைத்தேன். எனக்கு இன்னும் அவரைச் சரியாகத் தெரியவில்லை. மூன்று விநாடி தலை குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கனிவு பொங்கியது.

"நண்பர்களே, இதை நான் கடைசியா ஒரு ஆச்சரியமாச் சொல்லலாம்னு இருந்தேன். இது எங்க குடும்பத்தோட கூட்டு முயற்சி. கருவி நான் குடுத்தது. கை மச்சினியோடது. வானம் எல்லாருக்கும் பொது. நாம எல்லாருமே நட்சத்திரத் தூசிதானே!"

கை தட்டினார்கள்! சங்கடத்திலிருந்து வெளியே வர ஒரு கதவு கிடைத்த சந்தோஷத்தில் முண்டியடித்துக்கொண்டு தட்டினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "உங்க அத்தான் மாதிரி ஊக்கம் குடுக்கறவங்க எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்கம்மா" என்றார். பிறகு எல்லோரும் பீப்பாயைச் சுற்றி நின்றார்கள். அத்தான் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"எங்க எல்லாரையும் ஒரு படம் எடும்மா. நீதான் நல்லா எடுப்ப."

வாங்கினேன். "அசையாதீங்க" என்றேன். தொழில் பழக்கம், எல்லோரும் தெளிவாகவே விழுந்தார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா மாடியில் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நின்றேன்.

"ஏன்க்கா?"

"நீ அனுப்பின அன்னிக்கே அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, நானும் இந்த மாதிரி ஒண்ணு எடுத்திருக்கணும்னு சொன்னார். அப்ப அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னோடதை எடுத்து அவருக்குக் குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

போர்வையின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி, கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள்: "உனக்கென்னடி, நீ இன்னொண்ணு எடுப்ப. அவரால ஒண்ணும் முடியாது. முப்பத்தோரு வருஷமா பாக்கறேன். ஒரு காரியத்தையாவது ஆரம்பிச்சு முடிச்சதில்ல. அந்த முனையைப் பிடி."

பிடித்தேன். அதுவரை நான் அத்தானைப் பற்றிப் பேசியதெல்லாம் வெறும் வேடிக்கை. இளக்காரம் என்றால் என்ன என்று அன்றுதான் காதால் கேட்டேன். சத்தமில்லாத, நன்றாக மடித்து வைத்த இளக்காரம். உள் அறையில் அவர் யாரிடமோ கைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் அது இருந்தது.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனால், அட்டையை மாற்றியிருந்தார்கள். "படம்: சங்கத் தலைவர் குடும்பம்." அட்டையைப் பிய்த்து நான்காகக் கிழித்தேன். நூலகர் எழுந்து வந்தார், என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி என் பெயரையும், இருபத்தொரு மணி நேரம் என்பதையும், சின்ன லென்ஸ் குழாய் என்பதையும் என் கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். படத்தை நேராகவும் மாட்டச் சொன்னேன். அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடைக்காரர் சங்கத்தைக் கூட்டினார். அடுத்த நாள் அத்தான் உடல்நிலை காரணமாகத் தலைவர் பதவியை விட்டார். அவர் உடல்நிலைக்கு ஒரு குறையும் இல்லை.

பீப்பாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னது அக்கா. கண்ணாடிக்கடைக்காரர் நான்கு ஆட்களோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது என் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று அடக்கமாக நின்றேன்.

"இடது மூலையில பச்சை ஏறியிருக்கு. சிவப்பை ரொம்ப இழுத்துட்டீங்க, கொத்துல இருக்கற மஞ்சள் நட்சத்திரம்கூட வெளுத்துப்போச்சு. இன்னும் ஒரு பத்து மணி நேரம் சேர்த்தா இந்தச் சொரசொரப்பு அடங்கும்."

இருபத்தொரு மணி நேரத்தைப் போதாது என்று சொல்ல இவர் யார் என்று ராத்திரி முழுக்கக் கொதித்தேன். காலையில் கணினியைத் திறந்து பார்த்தேன். மூலையில் பச்சை ஏறித்தான் இருந்தது. மனிதர் ஒருவராவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து ஏழரை மணிக்கு மறுபடி கொல்லைக்குப் போக ஆரம்பித்தேன். ரோஜா மேகம் மேற்கே சாய்வதற்குள் எட்டு மணி நேரம்தான் சேர்ந்தது. மீதி அடுத்த வருடம்.

அத்தான் இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். இப்போது பறவைகளைப் பார்க்கிறார். கழுத்தில் இருகண் தொலைநோக்கி, தலையில் பச்சைத் தொப்பி. பறவை ஆர்வலர்கள் சங்கத்தில் ஏற்கெனவே துணைத் தலைவர். மொட்டைமாடியில் நின்று எதையாவது காட்டி, அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவர் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கக்கூடும்.